அறுபத்தேழாவது வாக்கு

கணக்கில் தவறாதவர்களும் நீதியில் தவறுவதுண்டு. இந்தக் கதையில் வரும் கணக்கு எளியது. கூட்டவும் வகுக்கவும் தெரிந்தவர் எவரும் பின்தொடரலாம். ஆட்களும் நிகழ்ச்சிகளும் கற்பனை. சட்டம் மட்டும் உண்மை.

அமெரிக்க நாட்டில் ஓர் அதிபர் இருந்தார். நாவிலும் நஞ்சு, நெஞ்சிலும் நஞ்சு. அவர் காலத்தில் ஒரு மாநிலத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அம்மாநிலத்தின் ஆளுநர் (அங்கே ஆளுநரையும் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர்) அதிபரின் தேர்தல் மேடையில் ஏறிப் புகழ்பாட மறுத்தவர். அந்த மறுப்பை அதிபர் மறக்கவில்லை. மக்கள் கூரைகளின் மேல் நின்று கைவீசிக்கொண்டிருந்தபோது, புறப்படவிருந்த மீட்பு ஹெலிகாப்டர்களை நிறுத்திவைத்தார். நீர் வடிந்தபோது அந்தக் கூரைகள் பலவற்றில் ஒருவருமில்லை.

அவர் அந்த ஆணையை இட்டபோது அறையில் மூவர் இருந்தனர். டோரதி, வாரன், எட்கர் என்ற அம்மூவரும் அவருடைய கட்சியைச் சேர்ந்த செனட் உறுப்பினர்கள்.

"அந்த ஆளுநர் முதலில் என் காலில் விழட்டும். ஹெலிகாப்டர் பிறகு பறக்கட்டும்," என்றார் அதிபர். வாரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஏன், உனக்கும் நீந்த ஆசையா?" என்று கேட்டு அதிபர் சிரித்தார். மூவரும் வாய்மூடி வெளியே வந்தனர்.

எப்படியோ செய்தி கசிந்தது. பிரதிநிதிகள் சபை அதிபர்மீது குற்றம் சாட்டியது. குற்றம் சாட்டுவது அங்கே எளிது. பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் போதும். பதவியிலிருந்து இறக்குவதுதான் அரிது. செனட் சபையின் நூறு உறுப்பினர்களும் நடுநிலை தவறோம் என்று உறுதிமொழி எடுத்து விசாரிக்க வேண்டும். மூன்றில் இரு பங்கினர் 'குற்றவாளி' என்றால்தான் அதிபர் வீட்டுக்குப் போவார். நூறு பேர் இருந்தால் அறுபத்தேழு வாக்குகள் வேண்டும்.

நம் ஊராக இருந்தால் இதற்குள் உறுப்பினர்களை உல்லாச விடுதியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். அங்கே பூட்டுக்கு வேலையில்லை. அச்சமே அந்தப் பணியைச் செவ்வனே செய்தது.

வாக்கெடுப்பு நாளன்று காலை, சபையின் சிற்றுண்டிச்சாலையில் மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர்.

"எதிர்க்கட்சியையும் நம்மில் மனம் மாறியவர்களையும் சேர்த்தால் அறுபத்தைந்து. அதற்குமேல் ஒன்றும் தேறாது," என்றார் வாரன். "நடக்காத காரியம் இது, டோரதி. பாம்பை அரைகுறையாக அடித்து விடுவதைவிட, அடிக்காமல் இருப்பதே மேல்."

"நானும் நீங்களும் சேர்ந்தால் அறுபத்தேழு ஆகிவிடுமே."

"நான் எதற்குச் சேர வேண்டும்? தோற்பவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளவா? உங்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். உங்கள் மாநிலத்தில் வீட்டுக்கு வீடு அவர் கொடி பறக்கிறது. அடுத்த ஆண்டு தேர்தல். இந்த ஒரு சொல்லோடு உங்கள் பொதுவாழ்வு முடிந்தது."

"முடியட்டும் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை," என்றார் டோரதி. "இந்தப் பதவியைத் தவிர எனக்கு வேறொன்றும் இல்லை."

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த எட்கர் நிமிர்ந்தார். "நூற்றில் என்று சட்டம் சொல்லவில்லை, வாரன். வந்திருப்போரில் மூன்றில் இரு பங்கு."

"எல்லோரும்தான் வந்திருக்கிறார்களே! சட்டக் கல்லூரியை விட்டு வந்தும் பாடம் நடத்துவதை விடமாட்டீர்களா?"

"நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள், எட்கர்?" என்று டோரதி கேட்டார்.

எட்கர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "பல் வலிக்கிறது."

சபை கூடியது. பெயர்கள் அழைக்கப்பட்டன. டோரதி எழுந்தார். முன்னிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டு, "குற்றவாளி," என்றார். பின்வரிசையிலிருந்து, "துரோகி!" என்று ஒரு குரல் வந்தது. வாரன் கணீரென்று, "குற்றமற்றவர்," என்றார். எட்கரின் பெயரை இருமுறை அழைத்தனர். இருக்கை காலியாக இருந்தது. கூரைமேல் நின்றவர்களுக்காகத் திறக்காத அவர் வாய், அந்நேரம் பல் மருத்துவரின் முன் அகலத் திறந்திருந்தது.

குற்றவாளி என்றவர் அறுபத்தாறு பேர். குற்றமற்றவர் என்றவர் முப்பத்து மூன்று பேர். "ஒன்று குறைகிறது! நான் சொல்லவில்லையா?" என்று வாரன் பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டினார்.

விசாரணைக்குத் தலைமை தாங்கிய நாட்டின் தலைமை நீதிபதி எழுந்தார். "வந்திருப்போர் தொண்ணூற்றொன்பது பேர். அதில் மூன்றில் இரு பங்கு அறுபத்தாறு. அதிபர் பதவி நீக்கப்பட்டார்."

அடுத்த ஆண்டுத் தேர்தலில் டோரதி தம் மாநிலத்தில் படுதோல்வி அடைந்தார். அதே தேர்தலில் எட்கரும் நின்றார். அதிபரை விரும்பியவர்களிடம், "நான் அவருக்கு எதிராக வாக்களிக்கவில்லை" என்றார். வெறுத்தவர்களிடம், "நான் விலகியதால்தான் அவர் போனார்" என்றார். இரண்டும் உண்மையாதலால் பெருவெற்றி பெற்றார். வாரன் கட்சியின் தலைவரானார்.

மூவருக்கும் தெரிந்த உண்மை ஒன்றே. தோல்வி உறுதி என்று எண்ணியும் டோரதி அதைச் சொன்னார். தோல்வி உறுதி என்பதையே காரணமாக்கி வாரன் அதை மறுத்தார். எட்கர் ஒன்றும் சொல்லாமல் அதை வெல்லவைத்தார். அவர் வந்து அதிபரை ஆதரித்திருந்தால் டோரதியின் வாக்கு வீண். ஆகவே கேட்கிறேன்: இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: டோரதி செய்ததே சரி. அன்று கேட்கப்பட்டது ஒரே கேள்வி: இவர் குற்றவாளியா, இல்லையா? அதற்கு நேர்மையாக விடை சொன்னவர் அவர் மட்டுமே. எட்கரால் நன்மை விளைந்ததே என்பீர்கள். ஒளிந்துகொண்டு நன்மை செய்பவர், நாளை ஒளிந்துகொண்டே தீமையும் செய்வார். அவரை நீதிபதி என்பதைவிடச் சூதாடி என்பதே பொருந்தும். வாரனோ, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, 'இது நடக்குமா?' என்ற கேளாத கேள்விக்கு விடை சொன்னார். நடப்பதற்குத் தேவையான வாக்கு யாருடைய கையில் இருந்தது? நடக்காது என்று குறி சொன்னவரே நடக்கவிடாமல் தடுக்கப் பார்த்தவர்.