ஐந்து பேரும் குரல் கொடுத்தார்கள்

ஆற்றங்கரை மடத்தில் கீழ்வீடு என்று ஒன்று உண்டு. நினைவு தப்பிய பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஐந்து பேர்: செங்கோடன், தனமணி, எஸ்தர், காசிம், பூவாயி.

மடத்தை நடத்தியவர் அம்மையார். அவருடைய சீடர் உலகநாதனுக்கு அறுபது வயது. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டியூட்டி போட்டுவிட்டு ஓய்வுபெற்றுக் காவி கட்டியவர். காவி கட்டினாரே தவிர, டியூட்டி சார்ட்டை விடவில்லை.

குருபூஜைக்கு மூன்று நாள் இருந்தது. பந்தல் வேலைக்கு ஆள் பற்றவில்லை. உச்சி வெயிலில் உலகநாதன் கீழ்வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தனமணி சுவரில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

நேரே போய் அம்மையாரிடம் ஒரு தாளை நீட்டினார்.

"என்ன இது?"

"கீழ்வீட்டுக்கு விதி எழுதியிருக்கேன் தாயே. ஆறு பேருக்கு ஒரு ஆள். பன்னிரண்டுக்கு ரெண்டு. மிச்ச மூணு பேர் பந்தலுக்கு."

"ரெண்டு போதுமா?"

"தூங்குறவங்களுக்குக் காவல் எதுக்குத் தாயே?"

அம்மையார் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இன்னைக்கே ஆரம்பிப்போம். அஞ்சு பேரும் பந்தலுக்குப் போகட்டும். அந்த ரெண்டு பேர் நீயும் நானும்."

"நீங்களா?"

"ஏன், உன் சார்ட்டுல எனக்கு டியூட்டி கிடையாதா?"

நாலு மணி வரை பொழுது சுகமாகப் போனது. மூலை நாற்காலியில் கலியன் விழித்துக்கொண்டார். ஒரு காலத்தில் கூத்தில் கோமாளி வேஷம் கட்டியவர். தன் பேர் மறந்துவிட்டது. அடுத்தவர் குரல் ஒன்றுகூட மறக்கவில்லை.

"உலகநாதா, ஒரு டீ கொண்டா" என்றார், அச்சு அசலாக அம்மையார் குரலில். உலகநாதன் எழுந்து நாலடி நடந்தே விட்டார்.

அம்மையார் சிரித்தார். அன்றைக்குக் கடைசிச் சிரிப்பு அதுதான்.

வெயில் சாய்ந்ததும் வீடு வேறு வீடாகிவிட்டது. ஒரு அம்மாள் புடவையை மூட்டை கட்டினார். "வீட்டுக்குப் போகணும். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்துருவான்." அந்தத் தவிப்பு அடுத்தவரைத் தொற்றியது. அடுத்தவரிடமிருந்து அடுத்தவரை. "வழிய விடுய்யா! யாருய்யா நீ?" என்று உலகநாதன் சட்டையைப் பிடித்து ஒருவர் உலுக்கினார். பரிசல் ஓட்டிய மாரப்பன் மட்டும் அமைதியாக ஜன்னலில் நின்றார். "அக்கரையில ஆள் நிக்குது" என்றார்.

குளியலறையில் பாப்பம்மாள் அலறினார்.

ஈரத்தரையில் கால் மடங்க நின்றிருந்தார். இடுப்பு எலும்பு ஏற்கெனவே ஒரு தரம் முறிந்த உடம்பு. உலகநாதன் ஒரு கக்கத்தில் கை கொடுத்தார். தாங்கவில்லை. அம்மையார் ஓடிவந்து மறு கக்கத்தைத் தாங்கினார். அப்படியே நின்றார்கள்.

பின்கதவுத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

குளியலறை வாசல் வழியாக உலகநாதன் பார்த்தார். மாரப்பனின் வெள்ளை வேட்டி படித்துறைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"தாயே, மாரப்பன்! ஆத்துக்குப் போறார்!"

"போய்ப் பிடி."

"விட்டா இவங்க விழுந்துருவாங்க!"

"நான் விட்டாலும் விழுந்துருவாங்க."

உலகநாதன் தொண்டை கிழியக் கத்தினார். "செங்கோடா!"

"இதோ வந்துட்டேன் சாமி!"

உலகநாதனுக்குப் போன உயிர் திரும்பியது. வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"தனமணி!"

"வர்றேன் வர்றேன், எதுக்கு இப்படிக் கத்துறீங்க!"

"எஸ்தர்! காசிம்!"

இருமிக்கொண்டே எஸ்தர் சொன்னாள், "வந்தாச்சு சாமி." காசிம் கொட்டாவி விட்டுக்கொண்டே, "நான் அப்பவே வந்துட்டேனே!"

"பூவாயி..."

"இங்கதான் இருக்கேன் சாமி." காதருகே நின்று சொன்னது போல இருந்தது.

ஐந்து குரல். ஒரு காலடிச் சத்தம் இல்லை. தொலைவில் பந்தலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. மூலை நாற்காலியில் கலியன் கண்ணை மூடி, சபையின் கைதட்டலுக்குக் காத்திருப்பவர் போல முகம் மலர்ந்திருந்தார்.

ஐந்து குரலும் அந்த ஒரு நாற்காலியிலிருந்து வந்தவை.

பாப்பம்மாளை அங்குலம் அங்குலமாக நகர்த்தி நாற்காலியில் இருத்துவதற்குள் ஒரு யுகம் போனது. பிறகு அவர் ஓடிய ஓட்டத்தில் காவித் துண்டு எங்கோ விழுந்தது.

மாரப்பன் மார்பளவுத் தண்ணீரில், இல்லாத பரிசலின் கயிற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டடி போனால் மடு. உலகநாதன் பாய்ந்து தோளைக் கட்டிப் பிடித்தார். உலகநாதனின் உடம்பெல்லாம் உதறியது.

மாரப்பன் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதீங்க ஐயா. மெதுவா கால வைங்க. நான் கரை சேர்த்துடுவேன்."

கைத்தாங்கலாக அவரைக் கூட்டி வந்தபோது அம்மையார் பின்கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். பதினொரு பேரும் அவர் பார்வையில் இருந்தார்கள். நெற்றியில் நகக்கீறல்.

"உங்களுக்குப் பயமே இல்லையா தாயே?"

"இருக்கு. அதான் கதவ விட்டு நகரல."

பிறகு இடுப்பிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். உலகநாதன் 'இரண்டு' என்பதை அடித்தார். ஈரக் கையில் பேனா வழுக்கியது. 'பன்னிரண்டு பேருக்கு ஐந்து பேர்' என்று எழுதி நீட்டினார்.

"இப்ப சரியா தாயே?"

அம்மையார் தாளை வாங்கவில்லை. உள்பக்கம் திரும்பி, "பூவாயி!" என்று கூப்பிட்டார்.

"இங்கதான் இருக்கேன் சாமி."

உலகநாதன் தாளைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார்.

"தாள்லயும் குரல்லயும் அஞ்சு பேரும் இருக்காங்களாம்" என்றார் அம்மையார். "போய்ப் பார்."