செங்கமலம் காலைத் தூக்கிய கதை

சொக்கலிங்க பூபதி தன் யானை செங்கமலத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆற்றங்கரையில். அவர் கொடுத்த வெல்லத்தைத் தின்றுவிட்டு, ஈரத் துதிக்கையை அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தில் துடைத்தது. வயதான யானை. மறுநாள் காலை கொட்டிலில் படுத்தபடியே கிடந்தது, எழவில்லை.

மருதூர்ச் சீமையின் அரசரான பூபதி அழவில்லை. கரும்பு கேட்டார். பிறகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு அவைக்கு வந்தார். இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். செங்கமலத்துக்கும் அந்தக் காலில்தான் நோவு.

"செங்கமலம் எங்கும் போகவில்லை. நான்தான் செங்கமலம்" என்றார்.

மந்திரி ஆதிமூலம் அரசரைச் சுற்றி வந்து பார்த்தார். "காது மட்டும் கொஞ்சம் சின்னது. மற்றபடி அவளேதான்" என்றார். கொல்லன் வந்து செங்கமலத்தின் சங்கிலியில் ஒரு கண்ணியைச் சுருக்கி அரசர் காலில் மாட்டினான். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் தென்னை மட்டை குவிந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"பாகன் மொக்கையன் என்னைச் சாகவிட்டான். யானைக் காலால் அவனை மிதிக்க வேண்டும்" என்றார் அரசர்.

"நம்மிடம் இருந்ததே ஒரு யானைதான், மகாராஜா" என்றான் தளபதி.

"நான் இருக்கிறேனே."

மொக்கையனைக் கொண்டுவந்து மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அரசர் கனத்த உடம்புக்காரர். அவருக்குத் தப்பினாலும் சுற்றிலும் வாளோடு ஆட்கள் நின்றார்கள்.

அவையில் விகடம் பேசும் குழைக்காதர் எழுந்தார். "ஒரு சின்ன வழக்கம் பாக்கி இருக்கிறது. யானை தானாக மிதித்தால் அதற்குப் பெயர் மதம். பாகன் சொல்லி மிதித்தால்தான் தண்டனை."

"பாகன்தான் கீழே கிடக்கிறானே" என்றார் மந்திரி.

"வாய் மேலே பார்த்துத்தானே இருக்கிறது? யானை மிதிக்காமல் காலை இறக்கிவிட்டால் கிடப்பவன் நிரபராதி. அதுவும் பழைய வழக்கம்தான்."

அரசருக்கு நியாயமாகப் பட்டது. காதுகளை ஆட்டப் பார்த்தார், வரவில்லை. இடது காலைத் தூக்கி மொக்கையன் நெஞ்சுக்கு நேராக நிறுத்தினார்.

"மொக்கையா, உன் யானையை அடையாளம் தெரிகிறதா?" என்று கேட்டார் குழைக்காதர்.

மொக்கையன் அண்ணாந்து பார்த்தான். அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தன் உயிர்ப்பயம் மறந்துபோயிற்று.

"தெரியுதுங்க."

"அப்படியானால் கட்டளை சொல்."

"நோவுற காலை ஏண்டி தூக்குறே? கீழே வை, தாயி. வச்சுட்டுப் படு. நான் இங்கனதான் இருக்கேன்."

அரசரை அதுவரை யாரும் 'டி' போட்டுப் பேசியதில்லை. தளபதியின் கை வாளுக்குப் போயிற்று. அரசரோ காலை விலக்கித் தரையில் இறக்கினார். மெல்ல மண்டியிட்டார். மொக்கையன் பக்கத்தில் படுத்து, கரும்புச் சக்கை ஒட்டிய வாயோடு விசும்பி விசும்பி அழுதார்.

வெகுநேரம் கழித்துத் தன் பழைய குரலில் கேட்டார்: "குழைக்காதரே, அவன் 'மிதி' என்று சொல்லியிருந்தால்?"

"அப்படிச் சொல்லக்கூடிய பாகனிடம் செங்கமலம் கிழவியாகும்வரை இருந்திருப்பாளா, மகாராஜா?"

அரசர் படுத்தபடியே சிரித்தார். மொக்கையனுக்கு விடுதலை கிடைத்தது. குழைக்காதருக்கு, மிச்சமிருந்த கரும்பு முழுவதும்.

கொட்டில் இப்போது காலி. சங்கிலி சுவரில் தொங்குகிறது. அதில் ஒரு கண்ணி மட்டும் மனிதக் காலின் அளவில் இருக்கிறது.