தரிசுக்கு மூன்று வார்த்தை

தேவசகாயம் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் மொழிபெயர்ப்பு கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்த கமருன்னிசா அவரைவிட இருபது வயது இளையவர். கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து தமிழ் மனுக்களை இங்கிலீஷில் ஆக்கிக் கொடுப்பவர். அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "டீச்சர்" என்பார்.

ஒரு புதன்கிழமை தேவசகாயம் கேட்டார்.

"டீச்சர், தரிசுங்கிறதுக்கு அகராதியில மூணு வார்த்தை போட்டிருக்கான். வேஸ்ட், பாரன், ஃபாலோ. எல்லாம் சும்மா கிடக்கிற நிலந்தானே? எதைப் போட்டா என்ன?"

"நீங்க எதைப் போட்டீங்க?"

"பாரன். கேக்க நல்லா இருந்துச்சு."

"யாரோட மனு?"

"சண்முகத்தாய்னு ஒரு அம்மா. அவங்க புஞ்சைக் காட்டையும் பக்கத்துல ஆறு குடும்பத்துக் காட்டையும் சோலார் கம்பெனிக்கு எடுக்கப் போறாங்களாம். எடுக்கக் கூடாதுன்னு மனு. நேத்தே குடுத்தாச்சு. நாளைக்கு விசாரணை."

கமருன்னிசா பேனாவை மூடி வைத்தார்.

"கிளம்புங்க சார். அவங்களப் பாத்துட்டு வருவோம்."

பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

சண்முகத்தாய் காட்டில்தான் இருந்தாள். கரிசல் மண் வெயிலில் வெடித்துக் கிடந்தது. ஆட்டுப் புழுக்கையைத் தவிர ஒன்றுமில்லை. பயிர் என்று ஒரு இலை கண்ணில் படவில்லை. தேவசகாயத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நாம் எழுதியது சரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏம்மா இதத் தரிசாப் போட்டிருக்கீங்க?" என்று கமருன்னிசா கேட்டார்.

"வருசக்கணக்கா பருத்தியே போட்டு மண்ணு அசந்து போச்சு தாயி. அதான் ரெண்டு வருசமா ஆறப் போட்டிருக்கோம். எருவுக்கு ஆட்டுக் கிடை வச்சோம். ஐப்பசி மழைக்கு உளுந்து விதைக்கணும்."

கமருன்னிசா திரும்பினார்.

"நீங்க எழுதினதுக்கு என்ன அர்த்தம்னு அவங்ககிட்டச் சொல்லுங்க சார்."

தேவசகாயம் வெடித்த மண்ணைப் பார்த்தபடி சொன்னார்.

"மலட்டு நிலம்னு..."

சண்முகத்தாய் அவரையே பார்த்தாள்.

"நான் அப்படிச் சொல்லலியே ஐயா."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் மெல்லச் சொன்னார்.

"ஃபாலோன்னுதான் எழுதியிருக்கணும். திரும்ப விதைக்கிறதுக்காகச் சும்மா விட்ட நிலம். நீங்களே திருத்திக் குடுத்துருங்க டீச்சர்."

"மனுவுல மொழிபெயர்த்தவர் கையெழுத்து உங்களது, சார்."

மறுநாள் விசாரணையில் நிலமெடுப்பு அதிகாரி மனுவைப் புரட்டினார்.

"ஒண்ணுமே விளையாத நிலம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. பிறகு ஏம்மா குடுக்க மாட்டேங்கிறீங்க?"

சண்முகத்தாய் தேவசகாயத்தைப் பார்த்தாள். அவர் எழுந்தார். முப்பத்தெட்டு வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு சபையில் நின்று தன் தப்பைச் சொன்னதில்லை.

"ஐயா, அது அவங்க சொன்ன வார்த்தை இல்ல. நான் தப்பா எழுதினது. அவங்க சொன்னது இதுல இருக்கு."

திருத்திய தாளை நீட்டினார். அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். கிராமக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்வரை ஏழு காட்டிலும் பருத்தி என்று அதில் இருந்தது.

"இது சாகுபடி நிலம். இந்த ஏழையும் பட்டியல்ல இருந்து எடுத்துருங்க" என்றார் குமாஸ்தாவிடம்.

வெளியே வந்ததும் சண்முகத்தாய் தேவசகாயத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். அவரும் கைகூப்பினார். அவளை பஸ் ஏற்றிவிட்டு டீக்கடை பெஞ்சில் கமருன்னிசாவோடு உட்கார்ந்தபோதுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது. டீயை ஆற்றாமலே குடித்தார். சுட்டது கூடத் தெரியவில்லை.

"டீச்சர், ஒண்ணு மட்டும் புரியல. அவங்களும் தரிசுன்னுதான் சொன்னாங்க. ஒண்ணுமே விளையாத நிலத்துக்கும் அதே வார்த்தைதான். தமிழ்ல யாருக்கும் குழப்பம் வரலியே. இங்கிலீஷ்ல மட்டும் ஏன் இவ்வளவு பாக்க வேண்டியிருக்கு?"

கமருன்னிசா டம்ளரைக் கீழே வைத்தார்.

"தமிழ்ல சொல்றப்ப அந்த வார்த்தை பக்கத்துல சண்முகத்தாய் நின்னாங்க சார், எந்தத் தரிசுன்னு கேட்டாச் சொல்வாங்க. இங்கிலீஷ்ல நீங்க மட்டுந்தான் நின்னீங்க."