ஒளித்து வைத்த பழுது

"என்னைய மட்டும் ஏன் மாஸ்டர் இறக்க மாட்டேங்கீங்க?"

இன்னாசி கேட்டான்.

படகு தூத்துக்குடிக்குக் கிழக்கே, மூழ்கிப்போன ஒரு சரக்குக் கப்பலுக்கு மேலே நங்கூரம் போட்டு நின்றது. அறுபது மீட்டர் கீழே, அந்தக் கப்பலின் எஞ்சின் அறையில் அவன் தம்பி தொபியாஸ் கிடந்தான். முந்தாநாள் இறங்கியவன் ஏறி வரவில்லை.

மாஸ்டர் பெர்ப்பெத்துவாதான் அண்ணன் தம்பி இருவருக்கும் ஆழ்கடலில் இறங்கக் கற்றுக்கொடுத்தவர்.

"வெளியூர்க் குழு வருது. அவங்க எடுத்துட்டு வருவாங்க."

"அம்மா குழி வெட்டச் சொல்லிட்டா. நானே கொண்டு வாரேன்னு அவகிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"அதனாலதான் வேண்டாங்கேன்."

"அப்ப சோதிச்சுப் பாருங்க. எல்லாருக்கும் செய்யுதத எனக்கும் செய்யுங்க."

மாஸ்டரின் வழக்கம் ஒன்று உண்டு. இறங்குகிறவனின் மூச்சு மெஷினில் ஒரு பழுதை ஒளித்து வைப்பார். கண்டுபிடித்தவன் இறங்கலாம். முடியாதவன் கரையில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்த மெஷினுக்கு ரீபிரீதர் என்று பெயர். நாம் விட்ட மூச்சையே சுத்தம் செய்து மறுபடி நமக்குக் கொடுக்கும். ஒரு டப்பாவில் இருக்கும் சுண்ணாம்பு மணிகள் கெட்ட காற்றை உறிஞ்சிக்கொள்ளும். செலவான ஆக்சிஜனை ஒரு சின்ன சிலிண்டர் ஈடுகட்டும். குமிழி வராது, சத்தம் வராது. கெட்டுப்போனாலும் சத்தம் வராது. நல்ல மெஷின்தான், குணம் மட்டும் மோசம்.

மாஸ்டர் அவன் மெஷினைத் தன் பக்கம் இழுத்தார்.

"திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்றான்.

"ம். பாருங்க."

இன்னாசி குழாய்களைத் தடவினான். ஊதிப் பார்த்தான். வால்வுகளைத் திருப்பிப் பார்த்தான். சிலிண்டரை மூடிவிட்டு, சுண்ணாம்பு டப்பாவைக் கழற்றினான்.

"ரப்பர் வளையத்தக் காணோம்!"

தம்பி போனதிலிருந்து அவன் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. வளையம் இல்லாவிட்டால் கெட்ட காற்று டப்பாவைச் சுற்றிக்கொண்டு நேராக நெஞ்சுக்கு வந்துவிடும்.

மாஸ்டர் உள்ளங்கையை விரித்தார். வளையம் அங்கே இருந்தது.

அதை வாங்கித் துடைத்து மாட்டினான். டப்பாவை மூடினான். மெஷினை முதுகில் ஏற்றிக்கொண்டான்.

"போலாமா மாஸ்டர்?"

"மொதல்ல உக்காந்து மூச்சு விடுங்க. அஞ்சு நிமிஷம்."

மூக்கை அடைத்துக்கொண்டு, குழாயை வாயில் கவ்வி, படகின் விளிம்பில் உட்கார்ந்தான். தம்பி கிடக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மணிக்கட்டில் ஆக்சிஜன் அளவு காட்டும் மீட்டர் இருந்தது. மணி அடிக்காத பழைய மீட்டர். அதை மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கா?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினான். கடலடியில் அதற்கு 'சரி' என்று பொருள்.

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டார்.

"நல்லா இருக்கா?"

கை எழுந்தது. இரண்டு விரலும் ஒன்றையொன்று தேடின. சேரவில்லை. சேர்ந்துவிட்டன என்றே அவன் நினைத்தான்.

உதடு நீலமாகியிருந்தது. குழாயைக் கவ்விக்கொண்டே சிரித்தான்.

மாஸ்டர் குழாயைப் பிடுங்கி எறிந்து அவனைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்.

காற்று உள்ளே போக, நிறம் திரும்பியது. முதலில் கோபம்தான் வந்தது.

"ஏம் பிடுங்குனீங்க? நல்லாத்தான இருந்தேன்!"

அவன் மணிக்கட்டைப் பிடித்து அவன் கண்ணெதிரே தூக்கினார். மீட்டரில் பாதியாக இறங்கியிருந்த எண்ணைப் படித்தான். புரிய நேரமானது.

"சிலிண்டர் மூடியிருக்கு."

"ஆமா."

"ஏமாத்திட்டீங்க மாஸ்டர். ஒண்ணுதான் வைக்கணும். நீங்க ரெண்டு வச்சிருக்கீங்க."

"நான் ஒண்ணுதான் வச்சேன்."

"அப்ப இத மூடுனது யாரு?"

மாஸ்டரின் பார்வை அவன் வலது கைக்குப் போனது.

இன்னாசி தன் வலது கையைப் பார்த்தான். டப்பாவைக் கழற்றுவதற்கு முன் சிலிண்டரைத் திருகி மூடிய கை. வளையம் கிடைத்த பிறகு அது சிலிண்டர் பக்கமே போகவில்லை.

மெஷினைத் தோளிலிருந்து இறக்கினான். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு குழி வெட்டச் சொல்லியிருப்பாள்.

மெதுவாகக் கேட்டான்.

"தொபியாஸுக்கும் அன்னைக்கு ஒளிச்சு வச்சீங்களா?"

"வச்சேன்."

"அவன் கண்டுபிடிக்கலையா, மாஸ்டர்?"

பெர்ப்பெத்துவா அழத் தொடங்கினார்.

"கண்டுபிடிச்சிட்டான். அந்தச் சந்தோஷத்துலயே எறங்கிட்டான்."