சேற்றுக்குப் பிடித்த பூ

நெடுங்குளத்து அரசர் பொன்னம்பலராயருக்கு எல்லாம் இருந்தது. அரண்மனைக்குப் பின்னால் ஒரு சதுப்பும் இருந்தது. எந்தக் கோடைக்கும் அது காயாது. ஒரு பசுவும், அயல்நாட்டுத் தூதரின் இடது செருப்பும் அதில் புதைந்து போயிருந்தன.

"அதை மல்லிகைத் தோட்டமாக்கிக் காட்டுகிறேன்" என்று அரண்மனை மேலாளர் சூரப்பர் சபையில் வாக்குக் கொடுத்தார். அரசர் மகிழ்ந்துபோய்ச் சால்வை போர்த்தினார். சூரப்பர் சால்வையோடு நேரே தோட்டக்காரி உலகம்மையிடம் வந்தார்.

"மல்லிகையை நடு."

"ஐயா, தேங்கின தண்ணியில மல்லிகை நிக்காது. வேர் அழுகிப் போகும்."

"அரசர் ஆசைப்பட்டது மல்லிகை. வேரிடம் யார் கேட்டது?"

மூன்று முறை நட்டாள். மூன்று முறையும் அழுகியது. சூரப்பர் அவளைச் சபைக்கு இழுத்துக்கொண்டு போய், "இவள் வேண்டுமென்றே கெடுத்துவிட்டாள்" என்றார்.

அரசருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நாளை முதல் பகல் முழுதும் இவள் அந்தச் சேற்றில் முழங்கால் புதைய நிற்கட்டும். அங்கே ஒரு பூ பூத்து நான் பார்க்கும்வரை தண்டனை தீராது!"

சபை விகடகவி குழைக்காதர் எழுந்தார்.

"அரசே, ஒரு சந்தேகம். காலுக்குத் தண்டனை, சரி. கைக்கு?"

"கைக்கு ஒன்றுமில்லை."

"பூ என்றால் இன்ன பூ என்று உண்டா?"

"ஏதோ ஒரு பூ! உட்காரும்."

குழைக்காதர் அதை ஓலையில் எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை குடையோடு சதுப்பின் கரைக்கு வந்தார். "உலகம்மா, உன் கால் இப்போது அரசருடையது. கை உன்னுடையதுதான். இந்தச் சேற்றுக்கு என்ன பிடிக்கும், சொல்."

இத்தனை மாதத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. வாய்க்கால் பக்கம் கை காட்டினாள். "இதுக்குப் பிடிச்சதெல்லாம் வாய்க்கால் கரையில சும்மா கெடக்கு ஐயா. வேர் மண்ணோட பேர்த்துட்டு வரச் சொல்லுங்க."

வண்டி வண்டியாகச் செடிகள் வந்தன. பள்ளமான இடத்தில் சேற்றை அள்ளிக் கரையில் போட்டாள். பள்ளத்தில் தண்ணீர் கூடி நின்றது. அங்கே மொட்டுவிட்ட அல்லியைக் கிழங்கோடு இறக்கினாள். ஓரத்தில் கோரையும் வசம்பும். அதற்கு மேலே சேம்பு, நீர்முள்ளி. கரையின் ஈர மண்ணில் வல்லாரை. தண்ணீர் கூடவும் கூடாது, வற்றவும் கூடாது என்று ஒரு மூலையில் கல் வைத்துச் சின்ன மடை கட்டினாள். நடுவே போய்வர இரண்டு பனந்தடிகளைப் போடச் சொன்னாள்.

சூரப்பர் ஓடி வந்தார். "நிற்கச் சொன்னால் இவள் நடக்கிறாளே!"

"ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் நிற்கத்தான் செய்கிறாள்" என்றார் குழைக்காதர். "நானே எண்ணிக்கொண்டிருக்கிறேன்."

எட்டாம் நாள் விடிகாலையில், இரவு விரிந்த அல்லி இன்னும் கூம்பவில்லை. அரசர் பனந்தடியின் மேல் நடந்து வந்தார். பூவைப் பார்த்தார். நீர்முள்ளியின் ஊதாவைப் பார்த்தார். கோரையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. பிறகு உலகம்மையின் கால்களைப் பார்த்தார். அட்டை கடித்த இடமெல்லாம் சிவந்திருந்தது. அரசர் தலை தாழ்ந்தது.

"மேலே வா, அம்மா. தவறு என்னுடையது. இனி இந்தத் தோட்டத்தில் உன் சொல்தான் சட்டம். என்ன நடுவதென்று நானே உன்னிடம்தான் கேட்க வேண்டும்."

அப்புறம் திரும்பினார். "சூரப்பரை இதே சேற்றில் நிறுத்துங்கள்!"

"வேண்டாம் அரசே" என்றார் குழைக்காதர். "வல்லாரையை மிதித்துவிடுவார்."

"அப்படியானால் நாடு கடத்துகிறேன்."

"அது திறமையை வீணாக்குவது. இவர் பொறுப்பேற்ற இடத்தில் ஒரு புல்கூடப் பிழைக்காது. கடற்கரையில் நம் உப்பளத்துக்கு அப்படி ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்."

அரசர் சிரித்த சிரிப்பில் மீன்கொத்தி பறந்துபோனது. சூரப்பர் அன்றே மூட்டை கட்டினார்.

அந்த ஆண்டு உப்பு மிக நன்றாக விளைந்தது.