காலி மணலில் சாகச முகாம்

நண்டுப்பட்டினத்துக் கடற்கரையில் இரண்டு நாள் சாகச முகாம் நடத்துவது என்று காட்டு மிருகங்கள் கூடித் தீர்மானம் போட்டன.

தீர்மானம் போடுவதில் காட்டு மிருகங்களை மிஞ்ச ஆளில்லை. காட்டுப்பன்றி தலைவர். நரி செயலாளர். குரங்கு விளையாட்டுப் பொறுப்பாளர். கரடி, முயல், கீரி, முள்ளம்பன்றி எல்லாம் உறுப்பினர்கள். சனிக்கிழமை காலை கயிறு இழுத்தல். மாலை மணலில் உருளும் போட்டி. ஞாயிறு காலை ஓட்டப் பந்தயம். மதியம் அலையில் குதித்தல். நிகழ்ச்சி நிரலைத் தேக்கிலையில் எழுதி மரத்துக்கு மரம் ஒட்டினார்கள்.

காடு முடிகிற இடத்தில் இருந்த சிறிய ஊர் நண்டுப்பட்டினம். அந்த ஊர்க்காரர் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. அவர்களைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இடம் பார்த்துவர நரி போயிற்று. மணல்மேட்டுக்கும் அலைக்கும் நடுவே வெண்மணல் பரந்து கிடந்தது. நரி அதன் குறுக்கே ஒருமுறை நடந்தது. செடி இல்லை, புதர் இல்லை, வளை இல்லை. சில சிறு பறவைகள் மட்டும் கத்திக்கொண்டு பறந்தன. நரி திரும்பிப் போய் அறிக்கை எழுதிற்று: "இடம் காலி. முகாமுக்கு மிகவும் ஏற்றது."

அந்தக் காலி இடத்தில் நாற்பது கூடுகள் இருந்தன.

அவை அந்த ஊர்க்காரர்களான உப்புக்கொத்திப் பறவைகளின் கூடுகள். அந்தப் பறவைகள் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. மணலில் காலால் ஒரு சிறு குழி பறித்து, அதில் மூன்று முட்டை இடும். முட்டை மணலின் நிறம். மேலே கறுப்புப் புள்ளிகள். மூன்றடி தள்ளி நின்றால் மணல் எது, முட்டை எது என்று தெரியாது. காக்கையின் கண்ணுக்குத் தப்புவதற்காக அப்படி. நரியின் கண்ணுக்கும் அவை தப்பின. பதவி வந்த நாளிலிருந்து நரி மூக்கை மேலே தூக்கியே நடந்து பழகிவிட்டதால் மோப்பமும் கிடைக்கவில்லை. அதன் பின்னங்கால், உப்பாயி என்ற பறவையின் மூன்று முட்டைகளுக்கு இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது.

உப்பாயி அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் வாய் உள்ளவள். குஞ்சு பொரிக்க இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. முகாமுக்கு எட்டே நாள். முப்பது மிருகங்கள் அந்த மணலில் உருண்டு புரண்டால் ஒரு முட்டையும் மிஞ்சாது. அவள் தன் கணவன் மாசிலாமணியை முட்டைமேல் உட்கார வைத்துவிட்டுக் காட்டுக்குப் பறந்தாள்.

குழு ஆலமரத்தடியில் கூடியிருந்தது. உப்பாயி பணிவாக விஷயத்தைச் சொன்னாள். முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் தள்ளிவைத்தால் போதும், அதற்குள் குஞ்சுகள் ஓடத் தொடங்கிவிடும் என்றாள். தலைவர் பன்றி நன்றாகத் தலையாட்டினார். அதிகாரத்தில் இருப்பவர் அவ்வளவு நன்றாகத் தலையாட்டினால் காரியம் முடிந்தது என்று பொருள். பிறகு நரி எழுந்தது.

"மனுவை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அறிக்கையில் இடம் காலி என்று இருக்கிறது. கூடு இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும். முட்டைகளை நேரில் காட்டுங்கள், பரிசீலிக்கிறோம்."

"நரிகிட்ட முட்டையைக் காட்டவா?" என்றாள் உப்பாயி.

"நான் இங்கே நரியாக நிற்கவில்லை, அம்மா. செயலாளராக நிற்கிறேன்."

உப்பாயி அதன் பல்லைப் பார்த்தாள். செயலாளரின் பல்லும் நரியின் பல்லைப் போலவேதான் இருந்தது. அவள் கடற்கரைக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாளும் போனாள். தலைவர் குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அதற்கடுத்த நாளும் போனாள். தேதியை மாற்றினால் தேக்கிலை எல்லாவற்றையும் கிழித்துப் புதிதாக எழுத வேண்டுமே என்று குரங்கு வருத்தப்பட்டது. நூற்றிருபது முட்டையைவிட நாற்பது தேக்கிலை அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

நான்காம் நாள் நரியே கடற்கரைக்கு வந்தது. தனியாக வந்தது. மணல்மேட்டின் ஓரத்தில் நின்று உப்பாயியை மட்டும் கூப்பிட்டது.

"நீ விவரம் தெரிந்தவள். உன்னைப் போன்றவர்கள் எங்களுக்கு வேண்டும். உன் கூட்டை மட்டும் காட்டு. சுற்றிலும் கல் அடுக்கி, யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்கிறேன். மற்றவர்களிடம், முகாமால் ஆபத்து இல்லை என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

உப்பாயி யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள்.

உண்மையாகவே யோசித்தாள். போன வருஷம் அவளுடைய மூன்று முட்டைகளையும் காக்கை கொண்டுபோனது. அதற்கு முந்தின வருஷம் கடல் கொண்டுபோனது. இதுவும் போனால் மூன்று வருஷமாக அவளுக்குக் குஞ்சே இல்லை. மாசிலாமணிக்கும் அதே கவலைதான்.

"ஒத்துக்க, புள்ள. ஊர்ல எல்லாரு கூட்டையும் நம்மளால காப்பாத்த முடியுமா? நம்ம மூணாவது மிஞ்சட்டும்" என்றான்.

"கல்லு அடுக்கினா காக்காய்க்கு விலாசம் எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். அதைக்கூட விடு. பக்கத்துக் கூட்டுல உக்காந்திருக்கிறவ கிட்டப் போயி, ஆபத்து ஒண்ணும் இல்லன்னு எந்த வாயால சொல்ல? முட்டை நசுங்கினப்புறம் அவ என் மூஞ்சியப் பாப்பாளே."

மாசிலாமணி கடலுக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்தான். வெயில் காலத்தில் உப்புக்கொத்திகள் அப்படித்தான் முட்டையைக் குளிர்விக்கும். கால்மணி நேரம் முட்டையை வெறும் வெயிலில் விட்டால் உள்ளே குஞ்சு வெந்துவிடும்.

அன்று மாலை உப்பாயி ஊரைக் கூட்டினாள். நரி பேசியதை ஒரு சொல் மறைக்காமல் சொன்னாள். சில பறவைகளுக்கு முகம் கறுத்தது. பிறகுதான் தெரிந்தது, நரி இன்னும் ஐந்து பேரிடம் இதே கல்வட்டத்தைப் பேசியிருந்தது. ஒவ்வொருவரிடமும், "நீ விவரம் தெரிந்தவள்" என்றே சொல்லியிருந்தது. அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருந்தவர்களும் சிரித்தார்கள்.

உப்பாயி தன் யோசனையைச் சொன்னாள். பகை நெருங்கினால் உப்புக்கொத்தி ஒரு வித்தை செய்யும். இறக்கை ஒடிந்ததுபோல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, தத்தித் தத்தி ஓடும். இதோ பிடித்துவிடலாம் என்று பகை பின்னாலேயே போகும். கூட்டைவிட்டு வெகுதூரம் போனதும் பறவை விர்ரென்று பறந்துவிடும். ஆனால் தன் கூட்டுக்காக மட்டும்தான் இறக்கை இழுப்பது அவர்கள் வழக்கம். அடுத்த கூட்டுக்கு ஆபத்து என்றால் தன் முட்டைமேல் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் முறை என்று நினைத்திருந்தார்கள்.

அந்த முறையை மாற்ற வேண்டும் என்றாள் உப்பாயி. ஜோடிக்கு ஒருவர் கூட்டில் இருக்க வேண்டும். மற்றவர் போய், தன் கூடு எங்கே என்று பார்க்காமல், எல்லாக் கூட்டுக்காகவும் இறக்கை இழுக்க வேண்டும்.

மணல்மேட்டை ஒட்டிக் கூடு வைத்திருந்த சடையன் முணுமுணுத்தான். "என் கூடு கடைசி வரிசை. முகாம் அங்க வராது. நான் எதுக்கு உசிரைக் குடுத்து ஓடணும்?"

"இந்த வருஷம் முன்வரிசையில உருண்டு பாத்தாங்கன்னா அடுத்த வருஷம் இடம் பத்தலம்பாங்க, அண்ணே. அப்ப உங்களுக்காக இறக்கை இழுக்க முன்வரிசையில யாரு இருப்பா?"

சடையன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றான்.

முகாம்காரர்கள் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். குரங்கு தோளில் கயிறு. கரடி முதுகில் தேன்கூடு. அவர்கள் மணலில் கால் வைப்பதற்குள் பாதையோரத்தில் நாற்பது பறவைகள் இறக்கை ஒடிந்து கிடந்தன.

முதலில் பார்த்தது கீரி. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு பாய்ந்தது. சடையன் பரிதாபமாகக் கத்திக்கொண்டு தத்தித் தத்தி உப்பளத்தின் பக்கம் போனான். கீரி ஓடுவதைப் பார்த்துக் குரங்கு ஓடிற்று. குரங்கு ஓடுவதைப் பார்த்துக் கரடி ஓடிற்று. முயலுக்குப் பறவைக் கறி பழக்கமே இல்லை. எல்லாரும் ஓடும்போது தான் மட்டும் நிற்பது மரியாதை இல்லை என்று அதுவும் ஓடிற்று. ஒன்று சவுக்குத்தோப்புக்குள் நுழைந்தது. ஒன்று தாழம்புதரில் மாட்டியது. ஒன்று முகத்துவாரத்துச் சேற்றில் இடுப்புவரை இறங்கியது. ஆளுக்கு ஒரு பறவை, ஆளுக்கு ஒரு திசை. கயிறு இழுக்க இரண்டு பேர்கூட ஓரிடத்தில் இல்லை.

தலைவர் பன்றியை உப்பாயி எடுத்துக்கொண்டாள். பன்றிக்கு மூச்சு இரைத்தால் அவளும் நின்றாள். அவர் திரும்பப் பார்த்தால் அவள் இன்னும் ஒரு முழம் கிட்டே வந்து விழுந்தாள்.

"விடமாட்டேன்! தலைவர் கையில்தான் உனக்குச் சாவு!" என்று சொல்லிக்கொண்டே பன்றி இரண்டு மைல் ஓடினார்.

மாலையில் எல்லாரும் சேறும் முள்ளுமாகத் தோப்பில் கூடினார்கள். ஒருவர் கையிலும் பறவை இல்லை. ஆனால் ஒவ்வொருவரும், இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் பிடித்திருப்பேன் என்றார்கள். இப்படி ஒரு சாகசம் காட்டில் நடந்ததே இல்லை, நாளைக்கும் இதே நிகழ்ச்சிதான் வேண்டும் என்று கரடி முன்மொழிந்தது. ஏகமனதாக நிறைவேறியது.

நரி மட்டும் கை தூக்காமல் யோசித்துக்கொண்டிருந்தது. அது ஊரறிந்த வேட்டைக்காரன். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் ஓடத் தொடங்கியதும் அது ஓடவில்லை. பறவைகள் எங்கே கூட்டிப் போகின்றன என்று பார்க்காமல், எங்கிருந்து கூட்டிப் போகின்றன என்று பார்த்தது. பிறகு மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு வெண்மணலுக்குள் இறங்கியது.

எதிரே மாசிலாமணி முட்டைமேல் உட்கார்ந்திருந்தான். உப்பாயி இரண்டு மைலுக்கு அப்பால் இருந்தாள். நரி பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டது. அவன் எழுந்தால் கூடு இதுதான் என்று தெரிந்துவிடும். எழாவிட்டால் நரியின் வாய் அவன்மேலேயே வந்து நிற்கும்.

பக்கத்துக் கூட்டில் இருந்தவள் எழுந்தாள். அவளைத் தொடர்ந்து அடுத்தவள் எழுந்தாள். மாசிலாமணியும் எழுந்தான். ஒரு நொடியில் நாற்பது பறவைகள் நாற்பது குழியிலிருந்து கிளம்பி, நரியின் தலைக்கு மேல் சுழன்று சுழன்று கத்தின. எது எங்கிருந்து எழுந்தது என்று நரிக்குப் பிடிபடவில்லை. கண்ணுக்குள் இறக்கை அடித்தது. கீழே நூற்றிருபது முட்டைகளும் உச்சி வெயிலில் கிடந்தன.

சத்தம் கேட்டுப் பன்றி வந்தார். கரடியும் குரங்கும் கீரியும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மணலின் ஓரத்தில் நின்றார்கள்.

"என்ன செயலாளரே, அங்க என்ன தேடுறீர்?" என்று பன்றி கேட்டார்.

நரி மனதுக்குள் கணக்குப் போட்டது. முட்டை இருக்கிறது என்று சொன்னால் முப்பது வாய்க்குப் பங்கு போகும். தனக்கு மூன்று தேறினால் அதிகம். அதோடு, காலி என்று எழுதியது பொய் என்று ஆகும். அந்த வாரம் குழுவுக்குத் தேர்தல் வேறு. பொய் எழுதினாலும் எழுதலாம், அதைத் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டு யாரும் பதவியில் இருந்ததில்லை.

"ஒன்றுமில்லை, தலைவரே. காலி மணல்தான்."

"பின்ன எதுக்கு இந்த வெயில்ல நிக்கிறீர்? அந்தப் பக்கம் ஒரு பறவை ரெண்டு இறக்கையும் ஒடிஞ்சு கிடக்குது. ஓடி வாரும்!"

நரி கால்களை எண்ணி எண்ணி எடுத்து வைத்து மணலைவிட்டு வெளியேறிற்று. பறவைகள் வயிற்றை அலையில் நனைத்துக்கொண்டு பறந்துவந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தன. நரியால் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை; பின்னால் கீரி வந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே முகாம் கலைந்து காட்டுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு நான்கு நாளும் தேர்தல் வேலை நரியை ஆலமரத்தடியைவிட்டு நகர விடவில்லை.

வியாழக்கிழமை விடியும்போது முட்டை ஓடுகள் வெடித்தன. உப்புக்கொத்திக் குஞ்சுகளுக்குக் கூட்டில் கிடந்து வளரும் சோம்பல் கிடையாது. ஈரம் காய்ந்ததும் ஓடும். உப்பாயிக்கு இரண்டு நாள் இழுத்த இறக்கை இன்னும் வலித்தது. அவளுடைய மூன்றும் சடையனுடைய மூன்றும் பக்கத்துக் கூட்டுக் குஞ்சுகளோடு கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் அலையோரத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

தன் கூட்டைச் சுற்றி மட்டும் வேலி கேட்டு வாங்குகிறவர் ஊரையும் இழந்து கூட்டையும் இழப்பார். ஊருக்காக இறக்கை இழுக்கிறவருக்கே தன் கூடும் மிஞ்சும்.