குளத்தங்கரையில நின்ன பையன்

மதுரையில ஒரு சந்து, அந்தச் சந்துல ஒரு மாடி. அந்த மாடியில, செத்துப்போன வீடியோ கேமுக்கெல்லாம் உசுரு குடுக்கிற கடை ஒண்ணு. அங்க ஒரு குருவும் ஒரு சீடனும் இருந்தாங்க.

குருன்னதும் தாடியைத் தேடாதீங்க. குரு பேரு சுகிர்தா, சீடனைவிட வயசுல சின்னவ. சீடன் குபேந்திரன், காலேஜைப் பாதியில விட்டவன். கேட்டா, "நான் எங்க விட்டேன், காலேஜுதான் என்னையத் தாங்க முடியாம ஓடிருச்சு"ம்பான். அவ இவனை "அண்ணே"ம்பா. இவன் அவளை "குருவே"ம்பான். நக்கலுக்குக் கூப்பிட ஆரம்பிச்சு, அதுவே பேராயிருச்சு.

ஒருநாள் சீடன் கேட்டான்.

"குருவே, என்னைய எப்பத்தான் தனியா ஒரு கேம் கேசட்டைத் திறக்க விடுவீங்க?"

"உங்க கை நடுங்கட்டும்ணே. அப்பப் பாக்கலாம்."

"நடுங்குற கையில சால்டரிங்கா? அப்ப ஒயின்ஷாப் வாசல்ல நிக்கிற மொத்தப் பேரையும் கூட்டியாரேன். எல்லாரும் ரெடி."

குரு சிரிக்கல.

அன்னைக்குத்தான் அந்தம்மா படியேறி வந்தாங்க. பேரு சர்புன்னிசா. முந்தானையில சுத்தி, கையில வச்சு ஆடுற பழைய கேம் ஒண்ணு கொண்டாந்திருந்தாங்க.

"பட்டன் எதுவும் வேலை செய்யலையாம்மா?" சீடன் கேட்டான்.

"தெரியலப்பா. நான் அமுக்குனதே இல்ல."

"வாங்குனா அமுக்கிப் பாக்கணும்மா. அதுக்குத்தான் அதுல பட்டனே வச்சிருக்கான்."

"எம்மகன் தாரிக்கோடது. டெங்குல மவுத்தாயிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறப்ப இதைத்தான் ஆடிக்கிட்டு இருந்தான். ஆடுன வரைக்கும் அப்படியே பதிஞ்சு வச்சுட்டு வந்தான்."

சீடன் ஸ்டூலைத் தள்ளி அந்தம்மாவை உக்காரச் சொன்னான்.

அந்தம்மா ஆன் பண்ணிக் காட்டுனாங்க. சின்னத் திரையில ஒரு குளம். கரையில தொப்பி போட்ட ஒரு பையன் தண்ணியைப் பாத்து நின்னான். மேல தாரிக்னு பேரு.

"தெனமும் சாயங்காலம் அஸர் தொழுதுட்டு இவனைப் பாப்பேன். எதையும் அமுக்க மாட்டேன். அமுக்குனா நகந்துருவான். இப்ப சில நாளு ஆன் பண்ணா ஆளே வரமாட்டேங்கிறான்."

குரு கேமை வாங்கி, பின்னாடி சொருகியிருந்த கேசட்டை உருவிப் பாத்தா.

"உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும்மா. அதுதான் தம்பியை ஞாபகம் வச்சிருக்கு. இப்ப அது ஓயப் போகுது. சும்மா கழட்டுனா தம்பி அழிஞ்சிருவாரு. அதனால மொதல்ல காப்பி எடுத்துக்கிட்டு, பேட்டரியை மாத்தி, திரும்ப உள்ள வச்சிருவோம். சாயங்காலம் வாங்க."

அந்தம்மா போனதும் குருவும் பேட்டரி வாங்கக் கெளம்பினா. கெளம்புறப்ப சொன்னா.

"அண்ணே, காப்பி எடுத்து வைங்க. ரெண்டு மெமரி கார்டுல எடுங்க. நான் வர்ற வரைக்கும் பழசைத் திறக்காதீங்க."

"சரி குருவே."

கடைக்குப் புதுசா ஒரு ஃபிளாஷ் கேசட் வந்திருந்துச்சு. அழிச்சு அழிச்சு எழுதலாம். குட்டியா ஒரு கார்டைச் சொருகுனா, ஆயிரம் கேமை முழுங்கிட்டு ஏப்பம்கூட விடாது. சீடனுக்குக் காலையிலருந்தே அதுமேலதான் கண்ணு.

தாரிக்கை ஒரு கார்டுல காப்பி எடுத்தான். ஃபிளாஷ் கேசட்டுல போட்டு ஆன் பண்ணான். குளம் வந்துச்சு. பையன் வந்தான்.

"வாடா தம்பி. புது வீடு பிடிச்சிருக்கா?"

ரெண்டாவது கார்டு கவரைக்கூடப் பிரிக்காம அங்கேயே கெடந்துச்சு. காப்பிதான் வந்திருச்சே, இனி என்னன்னு நெனச்சான். குரு வர்றதுக்குள்ள வேலையை முடிச்சு அசத்தணும். பழைய கேசட்டைத் திறந்தான், சால்டரிங் கம்பியால சூடு வச்சான், பேட்டரியைக் கழட்டினான். கை கொஞ்சம்கூட ஆடல.

அப்புறம் ஒரு நல்ல யோசனை வந்துச்சு. அதான் வெனை. புதுக் கேசட்டு ஒழுங்கா ஞாபகம் வச்சுக்குதான்னு பாத்துறலாம். ஆனா தாரிக்கை நகத்தக் கூடாது. அதனால அதே கேமைப் புதுசா ஆரம்பிச்சு, தன் பேரைப் போட்டு, நாலடி நடந்து, பதிஞ்சு வச்சான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணான்.

குபேந்திரன் வந்தான். தாரிக் வரல.

ஆயிரம் கேம் கொள்ளுற கார்டு. ஆனா அந்தக் கேமுக்குள்ள ஒரே ஒரு ஆளுக்குத்தான் எடம். தாரிக் இருந்த எடத்துல இப்ப குபேந்திரன் நின்னான். பழைய கேசட்டுல பாக்கலாம்னா, அதோட பேட்டரி மேசையில கெடந்துச்சு.

குரு வந்தா. மேசையைப் பாத்தா, பிரிக்காத கார்டைப் பாத்தா, சீடன் மூஞ்சியைப் பாத்தா.

சீடனே சொன்னான், "குருவே, ஒரு வழி இருக்கு. தாரிக்னு பேரு போட்டு நானே ஆடுறேன். அந்தக் குளத்துக்கிட்ட கொண்டு போய் நிறுத்திருவேன். அவங்க எதையும் அமுக்கப் போறதில்ல. எப்படித் தெரியும்?"

"ஆடுங்க."

சோறு திங்காம ஆடுனான். வெயில் சாயுறப்ப குளம் வந்துச்சு. அதே கரை, அதே தொப்பி. தாரிக்னு பேரு.

"பாருங்க குருவே. அச்சு அசல்."

"ஆமாண்ணே. அப்படியேதான் இருக்கு. பதியாம ஆஃப் பண்ணுங்க."

சீடன் ஆஃப் பண்ணான்.

"கை நடுங்குச்சா?"

"எதுக்கு நடுங்கணும்? போனா மறுபடி ஆடிக்கிறலாம்."

குரு அவனையே பாத்துக்கிட்டு இருந்தா. அவன்தான் மொதல்ல கண்ணை எடுத்தான்.

"அப்ப வெறும் கேசட்டையா குடுக்கச் சொல்றீங்க? அவங்க தாங்குவாங்களா?"

"தாங்க மாட்டாங்க. அதுக்காக எவனோ ஒருத்தன் முன்னாடி தெனமும் உக்கார வைக்கணுமா?"

பழைய கேசட்டுக்குப் புது பேட்டரியை குருவே வச்சு மூடுனா. கொஞ்ச நேரத்துல படியில செருப்புச் சத்தம் கேட்டுச்சு.

சீடன்கிட்ட எல்லாத்துக்கும் ஒரு நக்கல் இருக்கும். அன்னைக்கு ஒண்ணு சிக்கல.

"அம்மா, தாரிக் இல்லம்மா. நான்தான் அழிச்சுட்டேன். தெரியாம."

அந்தம்மா கையை நீட்டி கேமை வாங்குனாங்க. ஆன் பண்ணாங்க. குளம் இல்ல. வெள்ளையா ஒரு கட்டம், அதுக்குக் கீழ எழுத்தா வந்துச்சு.

"இது என்னப்பா கேக்குது?"

"பேரு கேக்குதும்மா."

அந்தக் கட்டத்தைக் கண்ணுக்கிட்ட கொண்டுபோய்ப் பாத்தாங்க.

"அப்ப இனிமே அமுக்கலாம்ல?"

சீடன் தலையை ஆட்டினான்.

அந்தம்மா கட்டை விரலால ஒரு பட்டனை அமுக்குனாங்க. மெதுவா, கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுற மாதிரி. அப்புறம் ஆஃப் பண்ணாங்க. முந்தானையில சுத்திக்கிட்டு, சுவரைப் புடிச்சுப் புடிச்சு எறங்கிப் போனாங்க.

செருப்புச் சத்தம் தெருவுல கரைஞ்சுது.

குரு அலமாரியிலருந்து அடுத்த கேசட்டை எடுத்தா. யாரோ ஒரு பிள்ளையோடது. பின்னாடி பேனாவுல கோணல்மாணலா ஒரு பேரு. அதையும் சால்டரிங் கம்பியையும் சீடன் பக்கம் தள்ளுனா.

"இதை நீங்க திறங்கண்ணே."

சீடன் கம்பியைத் தொட்டான். உடனே வச்சுட்டான்.

"வேணாம் குருவே. கை நடுங்குது."

"அதான் குடுக்கிறேன்."